தோலுரித்த திராட்சை

என் தம்பி டேனி பிறந்தது அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி. அதாவது, ஹாலோவீன் அன்று.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பேய் வேடமும் சூனியக்காரி வேடமும் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவது தன் பிறந்தநாளுக்காகத்தான் என்று அவன் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான். வாசலில் பரங்கிக்காய் விளக்கு எரியும் ஒவ்வொரு வீட்டிலும், "ரொம்ப நன்றி. எனக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பையை நீட்டுவான். யாரும் அவனைத் திருத்தவில்லை. நானும்தான்.

டேனி போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் இருந்திருந்தால் இந்தக் கதையை அவனே சொல்லியிருப்பான். தன் பங்கைக் கொஞ்சம் பெரிதாக்கியும் இருப்பான். இப்போது நான்தான் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட வேண்டியவளும் நான்தான்.

அவனுடைய ஆறாவது பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது.

"லோரி, கேக் என் வேலை. விளையாட்டு உன் வேலை" என்றார் அம்மா.

"எல்லா விளையாட்டுமா?"

"எல்லாம். எட்டுப் பிள்ளைங்க வராங்க. அத்தனையும் ஒண்ணாம் வகுப்பு. மூணு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சுக்குள்ள முடிச்சுடணும். எதுவும் உடையக் கூடாது. யாரும் அழுதுட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

"சரிம்மா!"

"இன்னொண்ணு. ரெய்னோ மாக்கியும் வரான். அவங்க அப்பா போனதுல இருந்து அந்தப் புள்ள எங்கயும் வெளிய வர்றதில்ல. கொஞ்சம் பார்த்துக்க."

"சரிம்மா."

ரெய்னோவின் அப்பா காட்டில் மரம் வெட்டுபவர். அந்த மார்ச் மாதம் ஒரு மரம் அவர்மேல் சாய்ந்துவிட்டது. எங்கள் ஊரில் காட்டுக்கோ சுரங்கத்துக்கோ ஆள் போகாத வீடே கிடையாது. அதனால் அவரை அடக்கம் செய்த அன்று மொத்த ஊரும் சர்ச்சில் இருந்தது. நானும் இருந்தேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ரெய்னோவின் பின்னந்தலையைக்கூடப் பார்த்தேன்.

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "சரிம்மா" என்று சொன்ன கையோடு மறந்துவிட்டேன். என் தலைக்குள் விளையாட்டுகள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். டேனி என் கால்மாட்டில் ஏறிக்கொண்டான்.

"துணி காயப்போடற கொடியில டோனட் கட்டித் தொங்கவிடுவோம். கையைப் பின்னால வெச்சுக்கிட்டு வாயால கடிக்கணும்" என்றேன்.

"எனக்கு ரெண்டு டோனட்."

"எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எனக்குத்தானே பிறந்தநாள்? எல்லாருக்குமா பிறந்தநாள்?"

நான் நோட்டில் அடுத்த வரிக்குப் போனேன். "தொட்டித் தண்ணியில ஆப்பிள் மிதக்கும். வாயாலயே எடுக்கணும்."

"வெந்நீர் ஊத்து. போன தடவ என் மூக்கு உறைஞ்சுபோச்சு."

"கண்ணைக் கட்டிக்கிட்டு, சுவத்துல இருக்கற பரங்கிக்காய்க்கு மூக்கு ஒட்டணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பேய்?" டேனி எழுந்து நின்றுவிட்டான். "பேயே இல்லாம என்ன பார்ட்டி? எனக்கு ஆறு வயசு லோரி! பயமா ஒண்ணு வேணும். ஆனா ரொம்பப் பயமா வேண்டாம். கத்துனா அம்மாவுக்குக் கேக்கும்ல, அந்த அளவுக்குப் பயம் போதும்."

மறுநாள் என் தோழி பெக்கியிடம் பட்டியலைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது பார்ட்டியா, ஞாயித்துக்கிழமை பைபிள் வகுப்பா?"

"வேற என்ன செய்யறது?"

"செத்தவன் விளையாட்டு வை."

எனக்குச் சுருக்கென்றது. போன ஆண்டு பெக்கியின் அண்ணன் அவர்கள் வீட்டுக் கார் கொட்டகையில் அந்த விளையாட்டை நடத்தினான். எல்லாரும் இருட்டில் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்லுவார். கிண்ணம் கிண்ணமாகக் கை மாறி வரும். "இது செத்தவனோட கண்" என்பார். தொட்டால் வழவழவென்று இருக்கும். உண்மையில் அது தோலுரித்த திராட்சை. "இது அவனோட குடல்" என்பார். அது வேகவைத்து ஆறிப்போன ஸ்பகெட்டி. காது என்பது உலர்ந்த ஆப்ரிகாட் பழம்.

இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குக் கண் என் கைக்கு வந்ததும் அலறிக்கொண்டு வெளியே ஓடினேன், ஒரு காலணியை அங்கேயே விட்டுவிட்டு. ஒரு மாதம் முழுக்க என் பெயர் 'ஒத்தக்கால் லோரி'.

இந்த முறை நான் கதை சொல்கிறவளாக இருக்கலாம். அலறுவது வேறு யாராவதாக இருக்கட்டும். அந்த ஆசைதான் எனக்கு.

"உங்க அண்ணன் கதையில செத்தவன் எங்கயோ ஒரு கோட்டையில இருந்தான்ல?" என்றேன். "நம்ம ஊருல ஏது கோட்டை? அது யாருக்குப் பயம்? நம்ம காட்டுலயே செத்துப்போனவன்னு வெச்சா எப்படி இருக்கும்?"

பெக்கி தோளைக் குறுக்கிக்கொண்டாள். "அடேயப்பா! இப்பவே முதுகு சில்லுங்குது."

அந்த ஒரு மாற்றத்துக்காக நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? நோட்டில் அதை எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஆனால் அம்மாவிடம் காட்ட வேண்டிய பட்டியலில் அந்த விளையாட்டின் பெயரை எழுதவில்லை. 'தொட்டுச் சொல்லும் விளையாட்டு' என்று எழுதினேன்.

"இது என்ன, புதுசா இருக்கு?" என்று அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கிண்ணத்துல இருக்கறதப் பாக்காம, தொட்டுப் பார்த்தே என்னன்னு சொல்லணும்மா."

"நல்லாருக்கே! மூளைக்கு வேலை."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அதைச் சொன்னபோது நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே காய்ந்துபோன கரண்டி.

*

சனிக்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டியது.

வேடத்தைக் கோட்டுக்கு மேலே போடுவதா, உள்ளே போடுவதா என்பது எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் சண்டை. மேலே போட்டால் எல்லாப் பேயும் குண்டுப் பேய். உள்ளே போட்டால் யார் என்ன வேடம் என்று வாயால் சொன்னால்தான் தெரியும்.

முதலில் இரண்டு குண்டுப் பேய்கள் வந்தன. பிறகு ஒரு கடற்கொள்ளைக்காரன், ஒரு தேவதை, ஒரு பூனை என்று வந்துகொண்டே இருந்தார்கள். டேனி எலும்புக்கூடு. கறுப்பு உடையில் அம்மா வெள்ளைத் துணியால் எலும்பு தைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரிடமும், "என் விலா எலும்ப எண்ணிப் பாரு, சரியா இருக்கும்" என்று அவன் வம்பு செய்துகொண்டிருந்தான்.

கடைசியாக வந்தவன் ரெய்னோ. அவன் அம்மா, திருமதி மாக்கி, காரிலிருந்து இறக்கிவிட்டுவிட்டுப் போனார். கோட்டு முழுக்கச் செய்தித்தாளை இறகு இறகாக வெட்டித் தைத்திருந்தார்கள்.

"ஆந்தையா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவன் பேசியதாகவே எனக்கு நினைவில்லை. நான் கவனிக்கவும் இல்லை.

விளையாட்டெல்லாம் வீட்டின் நிலவறையில். டோனட் விளையாட்டில் டேனியின் முகம் முழுக்கச் சர்க்கரை. ஆப்பிள் எடுக்கப் போன தேவதையின் இறக்கை தொட்டியில் நனைந்து, அவள் நடந்த இடமெல்லாம் சொட்டியது. கொள்ளைக்காரன் பரங்கிக்காயின் மூக்கைப் பெக்கியின் முதுகில் ஒட்டினான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். யாரும் அழவில்லை. எதுவும் உடையவில்லை.

அப்போதே கேக் வெட்டியிருக்கலாம்.

"இப்போ எல்லாரும் வட்டமா உட்காருங்க" என்றேன்.

பெக்கி சன்னல்களைப் போர்வையால் மூடினாள். நான் விளக்கை அணைத்தேன். யாரோ 'ஊ' என்று ஊளையிட்டார்கள். டேனிதான் என்று நினைக்கிறேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நம்ம ஊருக்கு வடக்க இருக்கற காட்டுக்கு, ஒரு நாள் ஒருத்தர் தனியாப் போனாரு. திரும்பி வரவே இல்ல. பனி உருகினதும் போய்த் தேடுனாங்க. கிடைச்சது இவ்வளவுதான்…"

காது முதலில் போனது. "ஐயோ! காது! மனுஷக் காது!" என்று டேனி கத்தினான். அவ்வளவு சந்தோஷமான அலறலை நான் கேட்டதே இல்லை. அடுத்துக் குடல். பூனையும் கொள்ளைக்காரனும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது… அவரோட கண்ணு."

கிண்ணம் வட்டத்தில் போனது. அலறல், சிரிப்பு, அலறல். பிறகு திடீரென்று ஒன்றும் இல்லை.

"யார்கிட்ட இருக்கு? அடுத்த ஆளுக்குக் குடுங்க" என்றேன்.

"ரெய்னோ வெச்சிருக்கான். தர மாட்டேங்கறான்" என்றது ஒரு குண்டுப் பேய்.

"ரெய்னோ, குடுடா."

இருட்டில் அவன் குரல் வந்தது. சின்னக் குரல்.

"யாரும் அமுக்காதீங்க."

"என்ன?"

"எல்லாரும் அமுக்கறீங்க. அமுக்காதீங்க. இது எங்க அப்பாவோடதா?"

மறுபடியும் அதே சின்னக் குரல்.

"அதனாலதான் பெட்டியத் தொறக்கலையா?"

சர்ச்சில் அந்தச் சவப்பெட்டி மூடியே இருந்தது. அதுவும் எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லாம் இப்போது ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. மார்ச் மாதம், காடு, மரம், மூன்றாம் வரிசை, "கொஞ்சம் பார்த்துக்க" என்ற அம்மாவின் குரல். நோட்டில் நான் போட்ட அடிக்கோடு.

விளக்கைப் போட்டேன்.

கிண்ணம் காலியாக இருந்தது. ரெய்னோ அந்த இரண்டு திராட்சைகளையும் எடுத்துத் தன் கோட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பைக்கு மேலே உள்ளங்கையை வைத்து மறைத்திருந்தான். கண்களை இறுக்க மூடியிருந்தான். அழக்கூட இல்லை.

"சும்மா விளையாட்டுடா ரெய்னோ. அது திராட்சை" என்றேன். "கண்ணைத் தொறந்து பாரு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். காகித இறகுகள் சரசரத்தன.

பெக்கி என் காதோரம் வந்தாள். "ஒரு பிடி மிட்டாய் குடு, மறந்துடுவான். மேல கூட்டிட்டுப் போகாத. உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சுது, தொலைஞ்ச."

அவள் சொன்னது உண்மைதான். திராட்சைக் கொத்தின் மிச்சம் சமையலறை ஃபிரிட்ஜில் இருந்தது. சமையலறையில் அம்மா இருந்தார். மிட்டாய் இங்கேயே, என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மிட்டாய்ப் பையை நோக்கி என் கை போனதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுசாகாது. போனது. ஒரு சாக்லேட்டை எடுக்கவும் எடுத்தேன். அப்போது ரெய்னோ கோட்டுப் பையை மெதுவாகத் தடவிக்கொடுத்தான், உள்ளே ஒரு கோழிக்குஞ்சு தூங்குவதைப் போல.

சாக்லேட்டைக் கீழே வைத்துவிட்டேன். "வா, மேல போகலாம்" என்று அவனைத் தூக்கிக்கொண்டேன்.

*

அம்மா கேக்கில் மெழுகுவத்தி குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? விழுந்துட்டானா?"

"இல்லம்மா." அவனைக் கீழே இறக்கிவிட்டேன். "நான் செத்தவன் விளையாட்டு வெச்சேன். தொட்டுச் சொல்ற விளையாட்டுன்னு சொன்னேன்ல, அது இதுதான். நம்ம காட்டுல செத்துப்போனவர்னு கதை சொன்னேன். திராட்சையக் கண்ணுன்னு சொன்னேன். ரெய்னோ… அவங்க அப்பாவோடதுன்னு நினைச்சுட்டான்."

அம்மாவின் கையில் ஆறாவது மெழுகுவத்தி அப்படியே நின்றது. அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம்.

பிறகு ரெய்னோவின் முன்னால் மண்டியிட்டார். "கண்ணைத் தொறடா ராஜா. ஒண்ணுமில்ல, பாரு."

"பாக்க மாட்டேன்" என்றான் ரெய்னோ. "அம்மா பாக்கக் கூடாதுன்னாங்க. அப்பாவப் பழைய மாதிரியே ஞாபகம் வெச்சுக்கணும்னாங்க."

அம்மாவுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

அவன் பார்க்க மாட்டான். சொன்னாலும் நம்ப மாட்டான். சற்று முன்தான் நான் வேறு மாதிரி சொன்னேனே! அப்படியானால் என்னதான் மிச்சம் இருக்கிறது?

கைகள் இருந்தன.

"சரி, கண்ணைத் தொறக்க வேண்டாம்" என்றேன். "மூடியே வெச்சுக்க."

அவனை அடுப்புப் பக்கம் தரையில் உட்காரவைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து திராட்சைக் கொத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"தொட்டுப் பாரு. அவசரமில்ல. என்ன இருக்கு?"

விரல்கள் மெதுவாக நகர்ந்தன. "குச்சி."

"அப்புறம்?"

"உருண்டை. நிறைய உருண்டை."

"ஒண்ணப் பிச்சு எடு. தோலை உரி."

முதல் திராட்சை நசுங்கிவிட்டது. இரண்டாவதும். சாறு கையில் வழிந்து காகித இறகுகளை நனைத்தது. மூன்றாவதை நாக்கை நீட்டிக்கொண்டு, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தான். எவ்வளவு நேரம் ஆனதோ! அம்மாவும் நானும் அசையவில்லை.

"இப்போ இது எப்படி இருக்கு?"

"வழவழன்னு."

"பைக்குள்ள இருக்கறதத் தொட்டுப் பாரு."

ஒரு கை பைக்குள் போனது. மறு கையில் அவன் உரித்தது. இரண்டையும் விரலால் உருட்டிப் பார்த்தான்.

"ஒரே மாதிரி இருக்கு."

"ஆமா."

"இதுவும் இந்தக் குச்சியிலதான் இருந்துச்சா?"

"இதே குச்சியிலதான். நேத்து இங்கேயே உட்கார்ந்து நான்தான் உரிச்சேன். மனுஷக் கண்ணுன்னு நான் சொன்னது பொய். பெரிய பொய் ரெய்னோ."

அவன் உரித்த திராட்சையை வாயில் போட்டு மென்றான். பிறகு பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, முகர்ந்து பார்த்து, அதன் ஓரத்தை மட்டும் கடித்தான்.

அந்த நேரத்தில் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். எலும்புக்கூடு வந்து நின்றது.

"லோரி! நான் காதைத் தின்னுட்டேன்! ரெண்டு காதையும்! ஆப்ரிகாட் பழம்தான்! குடலையும் தின்னு பார்த்தேன். உப்பே போடல நீ!"

ரெய்னோ கண்ணைத் திறந்துவிட்டான். டேனியின் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்த ஸ்பகெட்டியைப் பார்த்தான். தன் கையில் இருந்த அரைத் திராட்சையைப் பார்த்தான். மீதியையும் வாயில் போட்டுக்கொண்டான்.

"குடல் இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டான்.

"நிறைய இருக்கு. வா!"

ரெய்னோ எழுந்தான். இரண்டடி போனவன் திரும்பினான். "லோரி, அப்போ பெட்டிக்குள்ள எங்க அப்பா முழுசா இருந்தாரா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்?

"எனக்குத் தெரியாது ரெய்னோ. உங்க அம்மாவுக்குத்தான் தெரியும். அவங்ககிட்ட கேளேன்."

"கேக்க மாட்டேன். அம்மா அழுவாங்க" என்று சொல்லிவிட்டு, டேனியின் பின்னால் இறங்கிப் போய்விட்டான்.

அம்மா மெழுகுவத்தியைக் கீழே வைத்தார். "மிசஸ் மாக்கி வரட்டும். நான் பேசறேன்."

அந்தச் சொற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்வியை அவன் கேட்டது என்னிடம்தான்.

"வேண்டாம்மா. நானே சொல்றேன்" என்றேன்.

*

ஐந்து மணிக்குக் கார் வந்தது. நான் கோட்டுக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றால் தைரியம் போய்விடும்.

திருமதி மாக்கி தலையில் முக்காடு கட்டியிருந்தார். "என்ன லோரி, ரெய்னோ சமத்தா இருந்தானா?" என்று சிரித்தார்.

சொன்னேன். விளையாட்டின் பெயர், காடு, கண் எல்லாவற்றையும். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"என்ன கேட்டான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு" என்றார்.

"'அதனாலதான் பெட்டியத் தொறக்கலையா'ன்னு கேட்டான். அப்புறம், 'பெட்டிக்குள்ள அப்பா முழுசா இருந்தாரா'ன்னு கேட்டான். உங்ககிட்ட கேக்கச் சொன்னேன். கேட்டா நீங்க அழுவீங்கன்னு சொல்லிட்டான்."

பனி எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது.

"எட்டு மாசம்" என்றார் அவர், என்னிடம் சொல்வதாகத் தெரியவில்லை. "ஒரு வார்த்தை கேக்கல. அவனுக்கு ஒண்ணும் புரியலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்னை மன்னிச்சுடுங்க மிசஸ் மாக்கி."

"உன்மேல கோவமா இருக்கேன் லோரி. அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்." முக்காட்டின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நீ வந்து சொன்னியே. போ, கோட்டு இல்லாம நிக்காத. அவன அனுப்பு."

ரெய்னோ காரில் ஏறினான். கதவு மூடியது. ஆனால் கார் நகரவில்லை.

நான் சன்னலருகே நின்றேன். டேனி என் பக்கத்தில் வந்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினான்.

"ஏன் போகல? வண்டி கெட்டுப்போச்சா?"

"இல்ல. பேசறாங்க."

"இவ்வளவு நேரமா? நம்ம அம்மா திட்டுனாக்கூட இவ்வளவு நேரம் ஆகாது."

காரின் கண்ணாடிகள் உள்ளே ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டன. உள்ளே இருப்பவர்கள் தெரியவில்லை. தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மற்ற பிள்ளைகளை அவரவர் அப்பா அம்மா வந்து கூட்டிப் போனார்கள். பெக்கியும் போய்விட்டாள்.

ஒருவழியாகக் கார்க் கதவு திறந்தது. திருமதி மாக்கி ரெய்னோவைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். இரண்டு பேர் கண்களும் சிவந்திருந்தன.

"டேனியோட மிட்டாய் வாங்கப் போகணுமாம் இவனுக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். "கூட யார் போறது?"

"எப்பவும் லோரிதான்…" என்று இழுத்தார் அம்மா.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்றுதான் சொல்வார். சொல்லட்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஒரு சின்னக் கை என் கைக்குள் வந்தது. நிமிர்ந்தேன். திருமதி மாக்கிதான் அந்தக் கையை என் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறரைக்குள்ள வந்துடணும். கொஞ்சம் பார்த்துக்க" என்றார்.

"சரிங்க" என்றேன். இந்த முறை மறக்கவில்லை.

பனியில் எங்கள் காலடிகள் நறநறத்தன. டேனி முன்னால் ஓடினான். தெருமுனை வந்ததும் ரெய்னோ திடீரென்று சொன்னான்.

"முழுசாத்தான் இருந்தாராம். கட்டம் போட்ட சட்டை, கம்பளிக் காலுறை எல்லாம் போட்டுவிட்டாங்களாம். முகத்துல மட்டும்தான் ரொம்ப அடியாம். அதான் மூடிட்டாங்களாம்."

"அம்மா அழுதாங்களா?"

"ம். அழுதுட்டு, அப்புறம் சொன்னாங்க. காலுறை நான் குடுத்ததாம். கிறிஸ்துமசுக்கு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

முதல் வீட்டில் டேனி வழக்கம்போல் தன் பிறந்தநாளுக்கு நன்றி சொன்னான். இரண்டாம் வீட்டில் விலா எலும்பை எண்ணச் சொன்னான். மூன்றாம் வீட்டில் கதவைத் தட்டியதும், உள்ளேயிருந்து பச்சை முகமும் தொங்கும் நாக்குமாக ஒரு பூதம் 'கர்ர்' என்று பாய்ந்தது.

எலும்புக்கூடு தெருவுக்கே ஓடிவிட்டது. நான் அலறிய அலறலில் கால் வழுக்கி, படியில் உருண்டு, பனிக்குவியலில் போய் உட்கார்ந்தேன். பார்த்துக்கொள்ள வேண்டியவளின் லட்சணம்!

பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். ரெய்னோ அங்கேயே நின்றிருந்தான். கையுறையைக் கழற்றினான். எக்கி நின்று பூதத்தின் தாடையைத் தொட்டான். ஒருமுறை கிள்ளியும் பார்த்தான்.

பிறகு என்னிடம் திரும்பிக் கை நீட்டினான்.

"எழுந்திரு லோரி. ரப்பர்தான். வேணும்னா நீயே தொட்டுப் பாரு."